பதினாறு ஆம்ஸில் மூன்று வீடு

ஸ்ரீவில்லிபுத்தூரில் நான் கட்டிய வீட்டில் வரவேற்பறையைவிட அழகான இடம் ஒன்று உண்டு. மாடிப்படிக்குக் கீழே இருக்கும் பிரேக்கர் பெட்டி. வீட்டுக்கு வருகிறவர்களுக்கு மற்றவர்கள் பூஜையறையைக் காட்டுவார்கள். நான் இதைத் திறந்து காட்டுவேன். ஏ.சி.க்குத் தனி, தண்ணீர் மோட்டாருக்குத் தனி, சமையலறைக்குத் தனி, என் மரவேலைக் கொட்டகைக்குத் தனி என்று வெள்ளை வெள்ளையாக வரிசையில் நிற்கும். "ஒண்ணு விழுந்தா இன்னொண்ணுக்குச் சேதி தெரியாது" என்று பெருமையாகச் சொல்வேன். வந்தவர்கள் காப்பி எப்போது வரும் என்ற முகத்தோடு தலையாட்டுவார்கள்.

இவ்வளவு வசதி இருந்தும், மரம் அறுக்கிற மெஷினைக் கையில் எடுத்துப் பொத்தானில் விரல் வைத்ததும் என் வாய் தன்பாட்டுக்குக் கத்தும்: "போடட்டுமா?"

கொட்டகையில் என்னையும் ஒரு பல்லியையும் தவிர யாரும் இருக்க மாட்டார்கள். சமையலறையிலிருந்து என் மனைவி, "போடுங்க, போடுங்க, ஊரே காத்துக் கெடக்கு" என்பாள். சில நாட்களில் கேலி இல்லாமல், "ம்... போடுங்க" என்று மட்டும் பதில் வரும். அன்றைக்கு அவளுக்கும் நடுவீட்டு அக்கா ஞாபகம் வந்திருக்கிறது என்று புரிந்துகொள்வேன்.

கல்யாணமான புதிதில் நாங்கள் ராஜபாளையத்தில் குடியிருந்தது ரயில்பெட்டி மாதிரி நீளமான பழைய வீடு. வீட்டுக்காரர் அதைப் பூசணிக்காய் வெட்டுவதுபோல மூன்று துண்டாக்கி வாடகைக்கு விட்டிருந்தார். முன்வீடு, நடுவீடு, பின்வீடு. வீட்டைச் சுவர் வைத்துப் பிரித்தவர் கரண்டைப் பிரிக்க மறந்துவிட்டார். மூன்று வீட்டுக்கும் ஒரே மீட்டர். பக்கவாட்டு நடையில், தலைக்கு மேலே, ஒரே ஒரு பதினாறு ஆம்ஸ் பிரேக்கர். அதற்கு மேல் யாராவது கரண்டு இழுத்தால் அது 'டப்' என்று விழும். மூன்று குடும்பமும் ஒன்றாக அணையும்.

முன்வீட்டில் நாங்கள். பின்வீட்டில் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்ற ஒருவர், தனியாள். நடுவில் அக்காவும், நாங்கள் அண்ணாச்சி என்று கூப்பிட்ட அவர் கணவரும். ஒரே மகன் வடக்கே எங்கோ ராணுவத்தில் இருந்தான். அக்காவுக்கு நல்ல பெயர் ஒன்று உண்டு. ரேஷன் கடையைத் தவிர வேறெங்கும் அந்தப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

எனக்கு மரவேலை தெரியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் என் வீட்டு அலமாரி சொல்லிவிடும். நான் மருந்து மொத்தக் கடைக்கு ஆர்டர் எடுக்கிறவன். வாரம் முழுக்க பைக்கில் அலைந்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை போனில் யாரோ ஒரு வெள்ளைக்காரர் பலகை அறுப்பதைப் பார்ப்பேன். அவர் அறுத்தால் மரம் அல்வா மாதிரி விலகும். பார்த்துப் பார்த்து, எனக்குள்ளும் ஒரு ஆசாரி ஒளிந்திருக்கிறார் என்று முடிவுகட்டி, வட்ட ரம்பம் வைத்த மெஷின் ஒன்றை வரவழைத்தேன். பெட்டியின் மேல் ஆயிரத்து நானூறு வாட்ஸ் என்று போட்டிருந்தது. எண் பெரிதாக இருந்ததில் சந்தோஷப்பட்டேனே தவிர, அவ்வளவு வாட்ஸும் யார் வீட்டிலிருந்து வரும் என்று யோசிக்கவில்லை.

முதல் ஞாயிற்றுக்கிழமை. மெஷின் 'உர்' என்றது. பிரேக்கர் 'டப்' என்றது. மூன்று வீட்டு ஃபேனும் சோர்ந்து நின்றன. பின்வீட்டு டி.வி.யில் செய்தி வாசித்தவர் பாதி வார்த்தையை விழுங்கிக்கொண்டு போனார். நடுவீட்டிலிருந்து மட்டும் ஒரு சத்தம் கிளம்பியது. கீ... கீ... கீ... என்று கோழிக்குஞ்சு கத்துகிறமாதிரி.

கொஞ்சத்தில் அந்தச் சத்தம் நின்றது. பிறகுதான் அக்கா நடைக்கு வந்தார். நான் மெஷினை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு நின்றேன். அது மறைகிற உருப்படி இல்லை.

"என்ன போட்டிய தம்பி?"

"ஒரு சின்ன மெஷின்க்கா."

"எம்புட்டு சின்னது?"

காட்டினேன். புதிதாக நாய் வாங்கி வந்த வீட்டைப் பார்க்கிறமாதிரி அக்கா அதையும் என்னையும் பார்த்தார்.

"நல்லா போடுங்க. வேண்டாங்கல. போடுததுக்கு முன்னால ஒரு சத்தம் மட்டும் குடுங்க. உள்ள அவியளுக்குக் காத்து மெஷின் ஓடுது."

அண்ணாச்சி ஒரு நூல் மில்லில் பஞ்சுப் பொதி பிரிக்கிற இடத்திலேயே காலம் கழித்தவர். பஞ்சுத்தூசி அவர் நெஞ்சில் குடியேறி, காலி செய்ய மறுத்துவிட்டது. காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தருகிற பெட்டி ஒன்று அவர் கட்டில் பக்கத்தில் ராத்திரி பகலாக ஓடிக்கொண்டிருக்கும். அதிலிருந்து ஒரு குழாய் அவர் மூக்குக்குப் போகும். கரண்டு போனால் அந்தப் பெட்டிதான் கீ கீ என்று கத்தும். அவசரத்துக்கு ஒரு சின்ன சிலிண்டர் பக்கத்தில் நிற்கும். பிரேக்கர் விழுந்ததும் அக்கா முதலில் குழாயை சிலிண்டருக்கு மாற்றிக் கொடுத்துவிட்டு, அண்ணாச்சி நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்துவிட்டு, அப்புறம்தான் வெளியே வருவார்.

வந்ததும் உடனே பிரேக்கரைத் தூக்க மாட்டார். நடையில் அதற்கென்றே ஒரு முக்காலி கிடக்கும். அதில் ஏறி நின்று, கோயிலில் பிரசாதம் கொடுக்கிறவர் வரிசையைப் பார்ப்பதுபோல இரண்டு பக்கமும் பார்ப்பார்.

"முன்வீடு?"

"அணைச்சாச்சுக்கா."

"பின்வீடு?"

"ஆல் ஆஃப், மேடம்!" என்று அணிவகுப்புக் குரலில் பதில் வரும். பட்டாளத்தாருக்கு ஓய்வுக்குப் பிறகு கிடைத்த ஒரே பரேடு இதுதான்.

நடுவீடு என்று அவர் கேட்டதில்லை. காத்து மெஷின் எப்போதும் ஓடும். அது ஓடிக்கொண்டிருக்கிறது என்பதை வைத்துத்தான் மற்றவர்களின் மிக்ஸி, மோட்டார், தேய்ப்புப்பெட்டி எல்லாம். பிறகு பிரேக்கரை மேலே தூக்குவார். தூக்கிய பிறகும் விரலை எடுக்க மாட்டார். நடை பழகுகிற பிள்ளையைப் பின்னால் கைவைத்துக்கொண்டே விடுவோமே, அப்படி செத்த நேரம் விரலை அதன் அடியிலேயே வைத்திருப்பார். விழாது என்று மனசுக்குப் பட்ட பிறகுதான் இறங்குவார்.

அன்றிலிருந்து எங்கள் மூன்று வீட்டிலும் ஒரு வழக்கம் ஊறிவிட்டது. எது போட்டாலும் முதலில் சத்தம் கொடுக்க வேண்டும். காலையில் சட்னி அரைக்க என் மனைவி, "அக்கா, மிக்சி போடட்டுமா?" என்பாள். "ஏட்டி, செத்த பொறு... ம், போடு." பட்டாளத்தார் வாளியில் வாட்டர் ஹீட்டர் கம்பியைத் தொங்கவிடுகிறவர். அவர் குளிக்கப் போவது தெரு முனை வரைக்கும் தெரிந்துவிடும். விருந்தாளிகள் வந்தால் எங்களைப் பார்த்து மிரண்டுபோவார்கள். மச்சினன் ஒருவன் செல்போனுக்குச் சார்ஜ் போட, நடையில் போய் நின்று அனுமதி கேட்டான். அக்கா அவனைச் சிரிக்காமல் பார்த்து, "அதெல்லாம் தாங்கும்யா, போட்டுக்கோ" என்றார்.

எல்லோருக்கும் வழிவிட அக்கா அணைத்தது தன் தேய்ப்புப்பெட்டியைத்தான். செட்டியார்பட்டிப் பக்கத்திலிருந்து நைட்டி துணி வெட்டி வரும். அக்கா தைத்து, தேய்த்து, மடித்துக் கொடுக்க வேண்டும். தையல் மெஷின் மோட்டார் ஒன்றும் பெரிதாக இழுக்காது. தேய்ப்புப்பெட்டிதான் இழுக்கும். யார் "போடட்டுமா" என்றாலும் அக்கா பிளக்கைப் பிடுங்கிவிட்டு மிச்சச் சூட்டிலேயே தேய்ப்பார். சூடு நன்றாக இருக்கும்போது முதுகுப்பக்கம், குறையக் குறையக் கை, கடைசி வெதுவெதுப்பில் கழுத்துச் சுருக்கம். "நீங்க பாட்டுக்கு ஓட்டுங்க தம்பி. சூடு இருக்குமட்டும் எனக்கு ஓடும்" என்பார். அவர் ஒரு நைட்டியை முழுச் சூட்டில் தேய்த்து முடித்து நான் பார்த்ததில்லை.

இதைத் தீர்த்துவைக்கிறேன் பேர்வழி என்று ஒருநாள் நான் கிளம்பினேன். பஜாருக்குப் போய் முப்பத்திரண்டு ஆம்ஸ் பிரேக்கர் ஒன்று வாங்கி, ஸ்வீட் பெட்டி மாதிரி இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தேன். வயர்மேனும் கூட வந்தார். அவர் பழைய பிரேக்கரின் மூடியைக் கழற்றி, சுவருக்குள் போகும் வயரைப் பார்த்தார். உச்சுக்கொட்டினார்.

"அண்ணே, வயரு இடியாப்ப கனம் இருக்கு. இது பதினாறைத் தாங்குறதே பெருசு. பெரிய பிரேக்கரைப் போட்டா, பிரேக்கரு நிக்கும், வயரு சுவத்துக்குள்ள வெந்துரும். வீடு முழுக்க வயரை மாத்திட்டு கூப்பிடுங்க, போட்டுத் தாரேன்."

வீட்டுக்காரர் வயர் மாற்றுவதைப் பற்றி, தேர்தல் வாக்குறுதி கொடுப்பதுபோலப் பேசுவார். நடக்காது. ஆனாலும் எனக்கு ஆசை விடவில்லை. "பாத்துப் போட்டுக்கிடலாம்க்கா, இது லேசுல விழாது" என்றேன்.

அக்கா அந்தப் புதுப் பிரேக்கரை வாங்கிப் புரட்டிப் பார்த்தார்.

"விழாதா?"

"விழாதுக்கா."

"விழ வேண்டிய நேரத்துலயும் விழாதோ?"

வயர்மேன் சிரித்துவிட்டார். நானும் சிரித்துவைத்தேன். அக்கா சிரிக்கவில்லை. "அவியளைத் தூக்கிக்கிட்டு என்னால ஓட முடியாது தம்பி. இது விழட்டும். விழுந்தா நான் தூக்கிக்கிடுதேன்" என்று என் கையில் திருப்பிக் கொடுத்தார். கடைக்காரர் அதைத் திரும்ப வாங்க மாட்டேன் என்றுவிட்டதால், என் மேஜை டிராயரில் அது வெகுகாலம் தூங்கியது.

அக்கா வெளியூர் போய்ப் பார்த்ததில்லை. ஒரேயொரு தடவை, நல்ல மழை பெய்து ஓடையில் தண்ணீர் வந்திருந்த சமயம், என் மனைவி அவரை அய்யனார் கோவிலுக்குக் கூப்பிட்டாள். மாட்டேன் என்றவரை அண்ணாச்சிதான் துரத்தினார். அவருக்கு ஒரே மூச்சில் ஒரு வாக்கியம் வராது. தந்தி மாதிரி துண்டு துண்டாகத்தான் பேசுவார்.

"போ... நாலு மரத்தப் பாரு... இங்க என்னைய... பாத்துப் பாத்து... சலிச்சுப் போச்சு."

"யாருக்குச் சலிச்சுச்சு?"

"எனக்குத்தான்."

பட்டாளத்தார் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு காவலுக்கு உட்கார்ந்தார். நாங்கள் ஆட்டோவில் போனோம். வழி முழுக்க அக்கா போனையே பார்த்துக்கொண்டு வந்தார். மலையடிவாரத்தில் சிக்னல் போனது. கோயில் பக்கத்தில் தண்ணீர் இரைச்சலோடு விழுந்துகொண்டிருந்தது. நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கி, பாசியில் வழுக்கி உட்கார்ந்து, இரண்டு குடும்பங்களுக்குப் பொழுதுபோக்காக இருந்தேன். அக்கா கணுக்கால் தண்ணீரில் நின்றார். தலைக்கு மேலே காடு மொத்தமும் காற்றில் சாய்ந்து நிமிர்ந்துகொண்டிருந்தது. அவர் சேலைத் தலைப்பு நிற்கவேயில்லை.

அண்ணாந்து பார்த்துக்கொண்டே சொன்னார்: "இம்புட்டுக் காத்து சும்மா கெடக்கே, தம்பி."

நான் நனைந்த வேட்டியைப் பிழிந்துகொண்டிருந்தேன்.

"போவமா?" என்றார் அக்கா. கட்டிக்கொண்டு போன புளிச்சோற்றைத் திரும்பி வருகிற ஆட்டோவில்தான் தின்றோம்.

வந்து பார்த்தால், பட்டாளத்தார் பனியன் நனைய வேர்த்துப்போய் உட்கார்ந்திருந்தார். நாங்கள் தலை மறைந்ததும் மூன்று வீட்டிலும் காத்து மெஷினைத் தவிர மற்ற எல்லாவற்றையும் அணைத்திருக்கிறார். ஃபேன், ஃபிரிட்ஜ், சாமி படத்து லைட். முன்னெச்சரிக்கையாகச் சுவர்க்கடிகாரத்து பேட்டரியையும் கழற்றி வைத்திருந்தார்.

"கடியாரம்... கரண்டு இழுக்காதுன்னு... சொன்னேன். இவரு... கேக்கல" என்றார் அண்ணாச்சி. அக்கா அன்றைக்குத்தான் வாய்விட்டுச் சிரித்தார். சிரித்துக்கொண்டே போய்க் குழாய் சரியாக இருக்கிறதா என்று பார்த்தார்.

அண்ணாச்சியால் படுக்க முடியாது. படுத்தால் மூச்சு முட்டும். கட்டிலில் உட்கார்ந்து, எதிரே ஒரு வாளியைக் கவிழ்த்து, அதன்மேல் தலையணைகளை அடுக்கி, அதில் சாய்ந்தபடியே தூங்குவார். தூக்கத்தில் தலையணை சரியும், அவரும் சரிவார், அக்கா நிமிர்த்துவார். இதைப் பார்த்த எனக்குள் இருந்த ஆசாரி மறுபடி விழித்துக்கொண்டார். முன்பக்கம் சாய்ந்துகொள்ளச் சரிவான மேஜை ஒன்று செய்து தருகிறேன் என்றேன்.

"கடைல அறுத்து வாங்கிக்கிடலாமே தம்பி" என்றார் அக்கா, மெதுவாக.

"எதுக்குக்கா? நான் இருக்கேன்ல?"

"அதான்" என்றார் உள்ளேயிருந்து அண்ணாச்சி.

அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்காக மூன்று வீடும் அணைந்தது. அக்கா தேய்ப்புப்பெட்டியைப் பிடுங்கினார், ஃபிரிட்ஜை நிறுத்தினார், ஃபேனை நிறுத்திவிட்டுப் பழைய காலண்டர் அட்டையால் அண்ணாச்சிக்கு விசிறினார். "மெள்ள ஆரம்பிங்க தம்பி" என்றார். அந்த மெஷினுக்கு மெள்ள ஆரம்பிக்கத் தெரியாது. ஆரம்பிக்கும்போதுதான் ரொம்ப இழுக்கும். ஓட ஆரம்பித்துவிட்டால் கொஞ்சம் அடங்கும். பொத்தானை அமுக்கினேன். டப்.

கீ கீ கீ.

சிலிண்டர், நெஞ்சு, நடை, முக்காலி. "பின்வீடு?" பதில் தாமதமாக வந்தது. "சாரி மேடம். வாளியில கம்பி கெடக்கு." ஓய்வு பெற்றவருக்கு நாளில் எத்தனை குளியலோ!

மறுபடி எல்லாம் அணைத்து நின்றபோது அண்ணாச்சி கை காட்டிக் கூப்பிட்டார்.

"இதையும்... அணை. சிலிண்டர்ல... இருக்கேன். தம்பி... நாலு வெட்டு... வெட்டிக்கிடட்டும்."

அக்கா விசிறுவதை நிறுத்தவில்லை. "எதை வேணாலும் அணைக்கச் சொல்லுங்க. இதை மட்டும் என் கையால அணைக்கமாட்டேன்."

"பிடிவாதம்" என்றார் அண்ணாச்சி என்னிடம், ஏதோ தனக்குப் பரிசு விழுந்த சீட்டின் எண்ணைச் சொல்கிறமாதிரி சந்தோஷமாக.

அடுத்த தடவை பிரேக்கர் நின்றது. நான் அறுத்தேன். கோடு ஒரு பக்கம் போக, ரம்பம் ஒரு பக்கம் போயிற்று. சாயங்காலம் மேஜை என்று ஒன்று உருவாகிவிட்டது. அதைக் கொண்டுபோய்க் கட்டிலுக்கு முன்னால் வைத்தோம். ஆடியது. அண்ணாச்சி கையூன்றிப் பார்த்தார்.

"நாலு காலுக்கும்... நாலு அபிப்பிராயம்" என்றார்.

அக்கா நைட்டித் துணிக்கழிவை மடித்து மடித்து ஒரு காலுக்கு அடியில் செருகினார். ஆட்டம் நின்றது. அண்ணாச்சி மெதுவாக முன்னால் சரிந்து, என் பலகையில் கன்னத்தை வைத்துக் கண்ணை மூடினார். என் ஆயுளில் நான் செய்த மரச்சாமான்களில் ஒருத்தருக்குப் பயன்பட்டது அது ஒன்றுதான். மற்றதெல்லாம் பல்லிக்கு.

எங்கள் வீட்டு எண்ணுக்கு அக்கா இப்போதும் எப்போதாவது போன் போடுவார். இப்போது அவர் மகன் குடும்பத்தோடு வடக்கேதான் இருக்கிறார். "நல்லாருக்கியளா" என்று ஆரம்பிக்க மாட்டார். "கரண்டு இருக்கா தம்பி?" என்றுதான் கேட்பார். "இருக்குக்கா." "அப்ப சரி." அதற்கப்புறம் மகனைப் பற்றி, பேத்தியைப் பற்றி. அண்ணாச்சியைப் பற்றி அவரும் பேசுவதில்லை, நாங்களும் பேசுவதில்லை.

அண்ணாச்சி போனது ஒரு காலை நேரம். நான் பையை மாட்டிக்கொண்டு பைக்கை எடுக்கும்போது அக்கா காப்பி ஆற்றுகிற சத்தம் கேட்டது. "எந்திரிங்க, ஆறிப்போவுது" என்ற குரல். பிறகு அதே வார்த்தை மறுபடி, கொஞ்சம் உரக்க. பிறகு ஒன்றுமில்லை. நான் பைக்கை ஸ்டாண்டு போட்டுவிட்டு உள்ளே போனேன். அண்ணாச்சி என் மேஜையில் கன்னத்தை வைத்தபடியே இருந்தார். பிரேக்கர் விழவில்லை. கரண்டு இருந்தது. மெஷின் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது. அதில் யாரும் ஒரு குறையும் சொல்ல முடியாது.

தெரு டாக்டர் வந்து பார்த்துவிட்டு, மூக்கிலிருந்து குழாயை எடுத்துத் தலையணைமேல் வைத்தார். அது அங்கே கிடந்தபடி 'ஸ்...' என்று தலையணைக்கு மூச்சுக் கொடுத்துக்கொண்டிருந்தது. யாரும் மெஷினை அணைக்கவில்லை. அணைக்கத் தோன்றவில்லை என்று சொல்லமாட்டேன். எனக்குத் தோன்றியது. பட்டாளத்தாருக்கும் தோன்றியிருக்கும். இரண்டு பேரும் அதன் பக்கத்தில் போய் நின்றுவிட்டுத் திரும்பி வந்தோம்.

மகன் கிளம்பிவிட்டான். ஆனாலும் அவ்வளவு தூரத்திலிருந்து வந்து சேர மறுநாள் ஆகிவிடும். அதுவரை வைத்திருக்க ஐஸ் பெட்டிக்குச் சொன்னோம். குட்டியானை வண்டியில் கொண்டுவந்து இறக்கினார்கள். அண்ணாச்சியைத் தூக்கி உள்ளே கிடத்தினோம். தூக்குகிற அளவுக்கு அவரிடம் ஒன்றும் இல்லை.

பெட்டிக்காரர் நடையில் நின்று கேட்டார்: "பதினஞ்சு ஆம்ஸ் பிளக்கு எங்கண்ணே இருக்கு?"

காட்டினேன். மாட்டினார். பெட்டி ஒரு தடவை முனகியது. டப்.

கீ... கீ... கீ...

பெண்கள் நடுவே உட்கார்ந்திருந்த அக்கா சடாரென்று எழுந்தார். "சிலிண்டரு..." என்றார். பக்கத்தில் இருந்தவர்கள் தோளைப் பிடித்து உட்காரவைத்தார்கள். என் மனைவி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

முக்காலியில் பட்டாளத்தார் ஏறினார். அந்த முக்காலியில் அக்காவைத் தவிர வேறொருவர் ஏறி நான் பார்த்தது அன்றைக்குத்தான். தூக்கினார். விழுந்தது. கீ கீ என்றது. அக்கா மறுபடியும் பாதி எழுந்தார்.

"ஃபிரிட்ஜ் எதுவும் ஓடுதா? அதை எல்லாம் நிறுத்துங்க" என்றார் பெட்டிக்காரர். நிறுத்தினோம். வந்தவர்கள் தலைக்குமேல் சுற்றிய ஃபேன்களையும் நிறுத்தினோம். பெண்கள் முந்தானையால் விசிறிக்கொண்டார்கள். பட்டாளத்தார் தன் வீட்டுக்குள் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். தூக்கினார். செத்த நேரம் நின்றது. பெட்டியின் கம்ப்ரசர், என் ரம்ப மெஷினைவிடப் பேராசையாக, இழுக்க ஆரம்பித்தது. டப்.

பெட்டிக்காரர் வியர்வையைத் துடைத்துக்கொண்டார். "இன்னும் ஏதோ ஒண்ணு இழுக்குதுண்ணே. பாருங்க."

நாங்கள் பார்க்கவில்லை. எது என்று எல்லோருக்கும் தெரியும். "பெரிய பிரேக்கரு ஏதாச்சும் இருந்தா மாத்திப் பாப்பமா?" என்றார் பெட்டிக்காரர். என் டிராயரில் முப்பத்திரண்டு ஆம்ஸ் தூங்கிக்கொண்டிருந்தது. நான் வாயைத் திறக்கவில்லை.

மெஷின் கத்திக்கொண்டே இருந்தது. இந்தத் தடவை அக்கா எழுந்தபோது யாரும் பிடிக்கவில்லை. என் மனைவிகூடக் கையை விட்டுவிட்டாள்.

அக்கா கட்டில் பக்கம் போனார். மெஷினின் பொத்தானை அமுக்கினார். கீ கீ நின்றது. பிளக்கைப் பிடுங்கினார். வயரைக் கையில் சுற்றி, முனையை உள்ளே செருகி, மெஷினின் மேல் வைத்தார். தலையணைமேல் கிடந்த குழாயையும் எடுத்துச் சுருட்டி அதன் பக்கத்தில் வைத்தார். தைத்து முடித்த துணியை மடிக்கிற அதே கைதான்.

நடைக்கு வந்தார். பட்டாளத்தார் இறங்கி வழிவிட்டார். அக்கா முக்காலியில் ஏறி நின்று, இரண்டு பக்கமும் பார்த்தார்.

"முன்வீடு?"

"அணைச்சாச்சுக்கா" என்றேன்.

"பின்வீடு?"

"அணைச்சாச்சு தாயி" என்றார் பட்டாளத்தார்.

"நடுவீடு" என்றார். அவரே, "அணைச்சாச்சு" என்றார்.

தூக்கினார். ஐஸ் பெட்டி முனகி, ஒரு உதறு உதறி, ஓட ஆரம்பித்தது. எல்லோரும் தலையைத் தூக்கிப் பிரேக்கரையே பார்த்துக்கொண்டிருந்தோம். அது விழவில்லை.

"எறங்கும்மா. இனி நிக்கும்" என்றார் பட்டாளத்தார்.

அக்கா விரலை அதன் அடியிலிருந்து எடுக்கவில்லை.

"செத்த நேரம் இருந்து பாத்துக்கிடுதேன்" என்றார்.